அறுபதுக்கு மேல் லீட் கிடார்

(நமது நலச் சங்கத்தின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம். விழாவில் வாசித்துக் காட்டிய இடங்களை இங்கே எழுத்தில் விளக்கியிருக்கிறேன்.)



ஒவ்வொரு வருடமும் செயலாளர் என்னை மேடைக்குக் கூப்பிடுவார். 15எச் படிவத்தை எப்போது கொடுக்க வேண்டும், வைப்பு நிதிக்கு வாரிசுப் பெயர் போட்டாச்சா, ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று பத்து நிமிடம் பேசிவிட்டு இறங்குவேன். இந்த வருடம் நானே வேறு தலைப்பு கேட்டு வாங்கினேன். காரணம் உங்களுக்குத் தெரியும். போன பொதுக்குழுவில், வீடுகளுக்குள் வாத்தியம் வாசிக்கக் கூடாது என்று ஒரு வரைவுத் தீர்மானம் வந்தது. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறோம். அந்தத் தீர்மானம் வரக் காரணமானவர்களில் நானும் ஒருவன். அதனால் என் பக்கத்துக் கணக்கை முதலில் ஒப்படைத்துவிடுகிறேன். தீர்ப்பு உங்களுடையது.

நான் பி.காம். படித்தவன். 1981ல் வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, 2019ல் எழுத்தராகவே ஓய்வு பெற்றேன். எங்கள் வீட்டில் சங்கீதம் கற்றவர்கள் யாரும் கிடையாது. 1982ல் 'பயணங்கள் முடிவதில்லை' படம் வந்தது. அதில் எஸ்.பி.பி. பாடும் நிலாப் பாட்டை இங்கே தெரியாதவர் இருக்க முடியாது. எல்லோரும் பாட்டைக் கேட்டார்கள். நான் அதன் முன்னால் வரும் கிடாரைக் கேட்டேன். வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். அந்தக் காலத்தில் கிடார் வாசித்தவர்களின் பெயரை யார் சொன்னார்கள்? இளையராஜாவே 1976ல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்பு மற்றவர்களின் இசைக்குழுவில் கிடார் வாசித்தவர்தான். சலில் சௌத்ரியிடம் வாசித்திருக்கிறார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வையும் எழுதித் தேறியவர்.

முதல் போனஸில் ஒரு மலிவு கிடார் வாங்கினேன். நான்கு கார்டு கற்றுக்கொண்டேன். அதற்குள் இடமாற்றம் வந்தது. அப்புறம் இன்னொரு இடமாற்றம், தங்கையின் கல்யாணம், என் கல்யாணம். மூன்றாவது ஊருக்கு வீட்டைக் காலி செய்தபோது கம்பியெல்லாம் துருப்பிடித்துக் கிடந்த அந்தக் கிடாரை லாரியில் ஏற்ற இடமில்லை என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

2020ல் ஊரே வீட்டுக்குள் அடைந்திருந்த நேரத்தில், அறுபது தாண்டிய நான் ஒரு எலெக்ட்ரிக் கிடார் வாங்கினேன். ஒரு வருடத்தில் கார்டு பிடித்துப் பாட்டுக்குத் துணையாக வாசிக்க வந்துவிட்டது. அது முதல் படி. பேரன் கைதட்டினான். அதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. ஆனால் 1982ல் நான் கேட்டது அதையல்ல. பாட்டின் நடுவே பாடகர் வாய்மூடி நிற்க, கிடார் தனியாகப் பேசுமே, அதற்குத்தான் லீட் என்று பெயர். அந்த இரண்டாம் படியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். கிடார் வாங்கிய பலரும் இந்த இடத்தில்தான் அதைப் பரணில் ஏற்றுகிறார்கள் என்று நினைக்கிறேன். தொடக்கத்தில் வாரத்துக்கு ஒரு முன்னேற்றம் தெரியும். இங்கே வந்தால் மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது.

இனி கீழ்வீட்டுத் தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன், இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சுரங்கத்தில் நிலத்தடி நீர் இறைக்கும் பிரிவில் வேலை. நெய்வேலிக்காரர்களுக்கு ஷிப்டைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டுக் காலையில் வந்து படுப்பவர். நானோ காலை டிபன் முடித்து, வீட்டம்மா கோயிலுக்குப் போனதும், ஒன்பதரை மணிக்கு ஆம்பைப் போட்டுவிட்டு உட்காருவேன். நான்கு மாதம் இப்படி நடந்தது.

ஒரு நாள் பதினொரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கண் சிவந்து நின்றார். சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. சத்தத்தைக்கூடப் பொறுத்துக்குவேன். ஆனா ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறீங்களே, இன்னைக்கு எண்ணிப் பார்த்தேன். நாப்பது தடவை. நாப்பது தடவையும் அதே இடத்துல தட்டுது. அடுத்த தடவையாவது சரியா வருமான்னு காத்துக்கிட்டு இருக்கேன் சார், அதுலயே தூக்கம் போயிடுது."

"மன்னிச்சுடுங்க தம்பி" என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கிடாரைப் பெட்டியில் வைத்து மூடினேன். விற்றுவிடலாம் என்று கைப்பேசியில் படம்கூட எடுத்தேன். பத்து நாள் தொடவில்லை. ஆனால் அந்த "நாப்பது தடவையும்" என்ற வார்த்தை என்னை விடவில்லை. முப்பத்தெட்டு வருடம் வங்கியில் இருந்தவனுக்கு அதில் ஒரு விஷயம் உறைத்தது.

கணக்கு ஒட்டவில்லை என்றால் நாங்கள் என்ன செய்வோம்? பேரேட்டை முதலிலிருந்து நாற்பது தடவை கூட்டமாட்டோம். வித்தியாசம் எவ்வளவு என்று முதலில் பார்ப்போம். அது ஒன்பதால் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 54 என்பதை 45 என்று எழுதினால் வித்தியாசம் 9. 72ஐ 27 என்று எழுதினால் வித்தியாசம் 45. அந்தத் தடயத்தை வைத்துத் தப்பு இருக்கும் ஒரே ஒரு வரியைத் தேடிப் பிடிப்போம். கணக்கில் இதைச் செய்தவன், கிடாரில் மட்டும் முழுப் பக்கத்தையும் நாற்பது தடவை கூட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அதைவிட மோசம், நாற்பது தடவையும் தப்பாகவே வாசித்ததால் என் விரல்கள் அந்தத் தப்பைத்தான் மனப்பாடம் செய்திருந்தன.

பதினோராம் நாள் கிடாரை எடுத்தேன், ஆம்ப் இல்லாமல். எலெக்ட்ரிக் கிடாரை ஆம்பில் இணைக்காமல் வாசித்தால் பக்கத்து அறைக்கே கேட்காது. என் தகராறு இருந்த இடம் வெறும் நான்கு ஸ்வரம். மூன்றாம் கம்பியில் ஐந்தாவது, ஏழாவது ஃப்ரெட். அப்புறம் இரண்டாம் கம்பியில் ஐந்தாவது, எட்டாவது ஃப்ரெட். வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான் கிடாரில் ஃப்ரெட். இந்த நான்கையும் ஒவ்வொன்றாக, ஆமை வேகத்தில் வாசித்துப் பார்த்தேன். முதல் இரண்டும் சரி. கடைசி இரண்டும் சரி. மூன்றாம் கம்பியிலிருந்து இரண்டாம் கம்பிக்குத் தாவும் இடத்தில்தான் தட்டியது. தப்பு இடது கையிலும் இல்லை. வலது கையில் பிக் பிடித்திருந்த விதத்தில் இருந்தது.

பிக்கைக் கீழே ஒரு தடவை, மேலே ஒரு தடவை என்று மாற்றி மாற்றி அடிப்பது லீட் வாசிப்பின் அஸ்திவாரம். கம்பிக்கு இரண்டு ஸ்வரம் என்றால் முதலாவது கீழ்நோக்கி, இரண்டாவது மேல்நோக்கி. இப்போது கவனியுங்கள். மூன்றாம் கம்பியை மேல்நோக்கி இழுத்ததும் பிக் அந்தக் கம்பிக்கு மேலே நிற்கிறது. அடுத்து இரண்டாம் கம்பியைக் கீழ்நோக்கி அடிக்க, மூன்றாம் கம்பியைத் தொடாமல் தாண்டி வர வேண்டும். நான் பிக்கை ஆழமாக விட்டிருந்ததால் தாண்டும்போது ஒவ்வொரு முறையும் மூன்றாம் கம்பி தட்டியது. பிக்கின் நுனி மட்டும் கம்பியில் படும்படி பிடித்தேன். அந்த ஒரு தாவலை மட்டும், இரண்டே ஸ்வரத்தை மட்டும், இருபது நிமிடம் வாசித்தேன். நான்கு மாதத் தகராறு மூன்று நாளில் தீர்ந்தது.

இதுதான் நான் இன்று சொல்ல வந்த முக்கியமான விஷயம். இரண்டாம் படியில் தேவைப்படுவது வேகம் இல்லை. எங்கே தட்டுகிறது என்று காதால் கண்டுபிடிக்கும் பழக்கம்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற உத்திகள் எல்லாம் வழிக்கு வரும். நான் கற்ற வரிசையிலேயே சொல்கிறேன். வீட்டில் யாராவது கிடார் கற்றுக்கொண்டிருந்தால் பயன்படும்.

முதலாவது, மெட்ரோனோம். தாளம் தட்டும் கருவி, கைப்பேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. நிமிடத்துக்கு 60 தட்டு, தட்டுக்கு ஒரு ஸ்வரம் என்று தொடங்குங்கள். தொடர்ந்து மூன்று முறை பிசகாமல் வந்தால் 64. பிசகினால் பழையபடி 60. இதில் கௌரவம் பார்க்கக் கூடாது. நான் இன்றைக்கும் சில இடங்களில் 60லேயே இருக்கிறேன்.

இரண்டாவது, அடித்து ஒலிப்பதும் பறித்து ஒலிப்பதும். ஒரு ஸ்வரத்தைப் பிக்கால் அடித்துவிட்டு, அடுத்ததை இடது கை விரலால் கம்பியின்மேல் சுத்தியல்போலத் தட்டியே ஒலிக்க வைப்பது ஹாமர்-ஆன். விரலை எடுக்கும்போது கம்பியைக் கொஞ்சம் பக்கவாட்டில் பறித்து, கீழ் ஸ்வரத்தை ஒலிக்க வைப்பது புல்-ஆஃப். வெறுமனே விரலைத் தூக்கினால் ஒலி செத்துவிடும், பறிக்க வேண்டும். இது வந்துவிட்டால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பாடுவதுபோல வரும்.

மூன்றாவது, சறுக்கல். ஒரு ஃப்ரெட்டில் அடித்துவிட்டு, விரலை எடுக்காமல் இன்னொரு ஃப்ரெட்டுக்கு இழுத்துக்கொண்டு போவது. நம் சங்கீதத்தில் இதற்கு ஜாரு என்று பெயர் இருக்கிறது. விரலின் அழுத்தம் வழியில் குறைந்தால் ஒலி நின்றுவிடும். கண் விரலைப் பார்க்கக் கூடாது, போய்ச் சேரும் ஃப்ரெட்டைப் பார்க்க வேண்டும்.

நான்காவதுதான் கடினம். கம்பியை வளைப்பது, பெண்டிங். ஃப்ரெட்டில் அழுத்தியபடியே கம்பியைப் பக்கவாட்டில் தள்ளினால் சுருதி ஏறும். வீணையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே மெட்டில் விரலை வைத்துக் கம்பியை இழுத்து மேலே இருக்கும் ஸ்வரங்களை வரவழைப்பார்கள். கிடாரில் மூன்றாம் கம்பி ஏழாவது ஃப்ரெட்டை ஒரு முழுப் படி வளைத்தால், இரண்டாம் கம்பி ஐந்தாவது ஃப்ரெட்டில் இருக்கும் அதே ஸ்வரம் வர வேண்டும். ஆகவே முதலில் இரண்டாம் கம்பியை ஒலித்துக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு மூன்றாம் கம்பியை வளைத்து அதோடு ஒட்டவையுங்கள். கொஞ்சம் குறைந்தாலும் அபசுரம், கொஞ்சம் கூடினாலும் அபசுரம். காசாளர் மாலையில் ரொக்கம் சரிபார்ப்பதுபோலத்தான். குறைவு மட்டுமல்ல, அதிகமாக இருந்தாலும் கணக்கு தப்புதான்.

மோதிர விரல் ஒன்றால் மட்டும் வளைக்க முயலாதீர்கள். நடுவிரலும் ஆள்காட்டி விரலும் அதன் பின்னால் அதே கம்பியில் நின்று தள்ள வேண்டும். பலம் விரலிலிருந்து வரக் கூடாது, பூட்டில் சாவியைத் திருப்புவதுபோல மணிக்கட்டு திரும்ப வேண்டும். இதை அறியாமல் நான் இரண்டு மாதம் விரல் மூட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் வயதுக்காரர்களுக்கு இன்னொன்று: மெல்லிய கம்பி போடுங்கள். கடையில் 9 என்று கேட்டால் தருவார்கள். 10ஐவிட விரலுக்கு எவ்வளவோ இதம். வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

ஐந்தாவது, அசைவு. நின்ற ஸ்வரத்தைச் சீராக ஆட்டுவது, வைப்ரேட்டோ. புதிதாகக் கற்பவர் கை நடுங்குவதுபோல ஆட்டுவார். மெதுவாக, ஒரே அளவாக ஆட்ட வேண்டும். இதில் ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அமெரிக்காவின் ப்ளூஸ் கிடார் மேதை பி.பி. கிங், 1925ல் பிறந்து 2015ல் மறைந்தவர். அவருடைய உறவினர் புக்கா வைட், கம்பிமேல் உலோகத்தை வைத்துச் சறுக்கி வாசிப்பதில் கெட்டிக்காரர். கிங்குக்கு அது கைவரவில்லை. அந்த ஒலியைக் காதில் வைத்துக்கொண்டு விரலை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். அந்த ஆட்டமே அவர் அடையாளம் ஆகிவிட்டது. ஒரே ஸ்வரத்தைக் கேட்டு இது கிங் என்று சொல்லிவிடுவார்கள். வராத ஒன்றைத் தேடியதில் வந்தது அது.

விரல் ஒத்துழைக்கவில்லை என்று நான் புலம்பும் நாள்களில் நினைத்துக்கொள்ளும் இன்னொருவர் டோனி அயோமி. நம்மைப்போலத் தொழிற்சாலை ஊர்க்காரர், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். 1965ல், பதினேழு வயதில், தகடு அறுக்கும் தொழிற்சாலையில் அவருடைய கடைசி வேலை நாள். எந்திரத்தில் சிக்கி வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போயின. அவர் இடது கைப் பழக்கக்காரர், கம்பியை அழுத்தும் கையே அதுதான். ஆலையின் ஃபோர்மேன் அவரைப் பார்க்க வந்து ஓர் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928ல் தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகு மீதி இரண்டு விரல்களால் லீட் வாசித்தவர். அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்துகொண்டார். கடினமான கம்பி வலித்ததால் மெல்லிய பாஞ்சோ கம்பிகளை மாட்டினார். பிறகு அவர் வாசித்த பிளாக் சபாத் குழு எங்கே போய் நின்றது என்று பின் வரிசைப் பிள்ளைகளைக் கேளுங்கள், சொல்வார்கள். வேலையிடத்தில் பாதுகாப்பு என்ன என்பது இந்த ஊருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விபத்தை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவருக்குக் கிடாரைக் காட்டிய அந்த ஃபோர்மேனைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆறாவது, எந்த ஸ்வரங்களை வாசிப்பது? ராக் இசையிலும் ப்ளூஸிலும் கிடார்க்காரர்கள் ஓடி விளையாடும் முதல் மைதானம் ஐந்து ஸ்வர ஏணி, பெண்டடானிக் என்பார்கள். கிடாரின் கழுத்தில் அதை ஐந்து கட்டங்களாகப் பிரித்துக் கற்றுக்கொடுப்பார்கள். முதல் கட்டம் ஐந்தாவது ஃப்ரெட்டில் இருக்கிறது. ஆறாம் கம்பியிலிருந்து வரிசையாக: 5-8, 5-7, 5-7, 5-7, 5-8, 5-8. மொத்தம் பன்னிரண்டு இடம். நான் இதை வெறும் எண்ணாக மனப்பாடம் செய்து திண்டாடினேன். ஒரு வருடம் நம் ஊர் புத்தகக் கண்காட்சியில் கர்நாடக இசை அறிமுகப் புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்த பிறகுதான் புரிந்தது, இது நமக்குத் தெரிந்த விஷயம் என்று.

அந்த ஏணியை மேற்கத்திய முறையில் ஏ மைனர் என்பார்கள். நம் கணக்கில் அது சுத்த தன்யாசி. அதே ஐந்து ஸ்வரங்களை வைத்துக்கொண்டு சி என்பதை ஆதார ஸட்ஜமாகக் கொண்டால் அது மோகனம். டி என்றால் மத்தியமாவதி. ஈ என்றால் ஹிந்தோளம். ஜி என்றால் சுத்த சாவேரி. ஸ்வரங்களை மாற்றாமல் ஆதாரத்தை மட்டும் மாற்றினால் ராகமே மாறுவதை நம்மவர்கள் கிரக பேதம் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். ஐந்து ஆதாரத்துக்கு ஐந்து ராகம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு கிடாரின் கழுத்தில் எண்கள் மறைந்து, நான் சின்ன வயதிலிருந்து கேட்ட பாட்டுகள் தெரிய ஆரம்பித்தன. நான் நாற்பது தடவை தட்டிய அந்த நான்கு ஸ்வரமும் மோகனத்தின் ச ரி க ப தான். கீழ்வீட்டுத் தம்பிக்குத் தூக்கம் போனதில் ஆச்சரியம் என்ன? க வரப்போகிறது என்று அவர் காதுக்குத் தெரிந்திருக்கிறது. என் கைக்குத்தான் தெரியவில்லை.

இதில் நமக்கு முன்னோடிகளும் உண்டு. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினில், இரட்டைக் கம்பிகளுக்குப் பதில் ஒற்றைக் கம்பிகளாக ஐந்தை மாட்டி, கமகங்களை வரவழைத்தார். 2014ல் 45 வயதிலேயே போய்விட்டார். கிடார் பிரசன்னா சென்னை ஐஐடியில் கப்பல் கட்டும் பொறியியல் படித்துவிட்டு, பிறகு பாஸ்டனில் பெர்க்லீ இசைக் கல்லூரியிலும் படித்தவர். கர்நாடகக் கீர்த்தனைகளைக் கிடாரில் முழுக் கச்சேரியாக வாசிக்கிறார். கேட்டுப் பாருங்கள்.

ஏழாவதும் கடைசியும், சும்மா இருப்பது. கட்டங்களைக் கற்றதும் நான் செய்த தப்பு, மேலும் கீழும் நிறுத்தாமல் ஓடியது. பாடுபவர் மூச்சு வாங்குகிறார் அல்லவா? கிடாருக்கு மூச்சு தேவையில்லை என்பதால் நாம் நிறுத்துவதே இல்லை. இரண்டு தாள வட்டம் வாசியுங்கள், இரண்டு வட்டம் சும்மா இருங்கள். பின்னணியில் கார்டு மாறும்போது அந்தக் கார்டில் இருக்கும் ஸ்வரத்தில் போய் நில்லுங்கள். எஃப் கார்டு வந்தால் ஏ அல்லது சி, ஜி கார்டு வந்தால் ஜி அல்லது டி. வாசித்ததைக் கைப்பேசியில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். முதல் தடவை கேட்டபோது எனக்குக் கீழ்வீட்டுத் தம்பியின்மேல் இன்னும் மரியாதை கூடியது.

எவ்வளவு நேரம் பயிற்சி? தினம் இருபது நிமிடம் என்றால் வருடத்துக்கு 7,300 நிமிடம், 121 மணி 40 நிமிடம். ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் என்றால் 104 மணி. வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் இரண்டாவது கணக்கில் ஆறு நாள் மறந்துவிட்டு ஏழாம் நாள் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறோம். இதைத் தம்பியிடம் சொன்னபோது அவர் தன் வேலையிலிருந்து ஓர் உதாரணம் சொன்னார். "நம்ம சுரங்கத்துக்கு அடியில தண்ணி அழுத்தத்தோட நிக்குது சார். ராத்திரி பகலா இறைச்சுக்கிட்டே இருந்தாத்தான் மேல கரி வெட்ட முடியும். லீவு நாள்னு பம்பை நிறுத்த முடியாது." அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

எங்களுக்குள் ஒப்பந்தம் எப்படி ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். அவர் மாதத்தின் ஷிப்ட் அட்டவணையை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். அவர் தூங்கும் நேரத்தில் ஹெட்ஃபோன், மற்ற நேரத்தில் ஆம்ப். தீப்பெட்டி அளவில் ஹெட்ஃபோன் ஆம்ப் கிடைக்கிறது, கிடாரிலேயே செருகிக்கொள்ளலாம். வாத்தியம் வாசிப்பவர் வாங்க வேண்டிய முதல் சாமான் அதுதான், இரண்டாவது கிடாரல்ல. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் மாலை படிக்கட்டில் பார்த்தபோது அவராகவே கேட்டார்: "என்ன சார், இப்பல்லாம் அந்த இடம் கேக்கவே இல்லையே? சரியாயிடுச்சா?" மேலே அழைத்துப் போய் வாசித்துக் காட்டினேன். தட்டாமல் வந்தது. "அப்பாடா" என்றார். எந்தக் கைதட்டலும் எனக்கு அப்படி இனித்ததில்லை.

நண்பர்களே, நான் நாற்பது வயதில் ஒன்றைக் கற்றுக்கொண்டேன், கம்ப்யூட்டர். 2000-2001ல் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. எங்கள் கிளையில் நல்ல எழுத்தர்கள் சிலர், இனி புதிதாகக் கற்க முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் பயத்தில் கற்றேன், வேலை போய்விடுமே என்று. கற்றதில் ஒரு நாளும் சந்தோஷம் இல்லை. கிடாரில்தான், வாழ்க்கையில் முதல் முறையாக, பயமில்லாமல் ஒன்றைக் கற்கிறேன். தப்பு வந்தால் மெமோ கிடையாது. அறுபத்தைந்து வயதுக்கு மேல் இது எனக்கு மருந்து மாதிரி என்று சொன்னால் மிகையில்லை.

இனி தீர்மானம். வாத்தியமே கூடாது என்றால், நான் ஹெட்ஃபோனில் சமாளித்துக்கொள்வேன். ஆனால் இரண்டாவது மாடியில் வயலின் கற்கும் குழந்தைக்கு ஹெட்ஃபோன் கிடையாது. மிருதங்கம் கற்கும் பையனுக்கும் கிடையாது. மறுபக்கம், இரவெல்லாம் உழைத்துவிட்டு வருபவரின் தூக்கம் நம் யாருடைய பொழுதுபோக்கையும்விடப் பெரியது. நான்கு மாதம் அதைக் கெடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அதனால் தடைத் தீர்மானத்துக்குப் பதிலாக மூன்று யோசனைகளை எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன்.

ஒன்று, ஷிப்டுக்குப் போகிறவர்கள் விருப்பப்பட்டால் தூங்கும் நேரத்தை அறிவிப்புப் பலகையில் வீட்டு எண்ணோடு வாரம் ஒரு முறை எழுதலாம். மேல்வீடும் பக்கத்து வீடும் அதை மதிக்க வேண்டும். இரண்டு, இந்தச் சமுதாயக் கூடம் மாலை நான்கு முதல் ஆறு வரை பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கிறது. அதை வாத்தியம் பழகும் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். சாவிக்கு நான் பொறுப்பு. மின்விசிறிக்கும் விளக்குக்கும் ஆகும் செலவைப் பழகுபவர்கள் பகிர்ந்துகொள்ளலாம், கணக்கும் நானே எழுதுகிறேன். மூன்று, தொந்தரவு என்றால் முதலில் சங்கத்துக்கு எழுதாமல், முதலில் கதவைத் தட்டுங்கள். தம்பி அன்றைக்குப் புகார் எழுதியிருந்தால் எனக்கு ஒரு நோட்டீஸ் வந்திருக்கும். கதவைத் தட்டியதால் எனக்கு ஒரு ஆசிரியர் கிடைத்தார்.

இப்போது மோகனத்தில் இரண்டு நிமிடம் வாசிக்கிறேன். தம்பிக்கு இன்று இரவு ஷிப்ட். ஆனாலும் பகல் தூக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். எங்கேயாவது தட்டினால் அவர் கையைத் தூக்குவதாகச் சொல்லியிருக்கிறார்.



(பின்குறிப்பு: ஒரு முறை தூக்கினார். சரியான இடத்தில்தான்.)